அமெரிக்கத் துணையுணவுத் தொழிலில் மூலப்பொருள் அடையாளச் சோதனை

1. ஆய்வுக் களம்

வைட்டமின் மாத்திரை, மூலிகைக் கேப்ஸ்யூல் போன்ற துணையுணவுகளை அமெரிக்கச் சட்டம் மருந்தாகக் கொள்வதில்லை. உணவின் ஒரு பிரிவாகவே கொள்கிறது. 1994ஆம் ஆண்டின் துணையுணவுச் சட்டம் இதற்கு அடிப்படை. மருந்துக்குத் தேவையான முன் அனுமதி இவற்றுக்குத் தேவையில்லை. கடைக்கு வந்துவிட்ட பொருள் தீங்கானது என்றால், அதை மெய்ப்பிக்க வேண்டியது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ.வின் பொறுப்பு. ஆகவே நுகர்வோருக்கான முதல் காப்பு, மூலப்பொருள் ஆலைக்குள் நுழையும் இடத்திலேயே அமைய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2. இரு முன்நிகழ்வுகள்

2.1 தூய்மை தவறியது: 1989இல் எல்-டிரிப்டோஃபான் என்னும் அமினோ அமிலத் துணையுணவை உட்கொண்ட 1,500க்கும் மேற்பட்டோர் கடும் தசைவலியுடன் கூடிய இரத்த நோய்க்கு ஆளாயினர், 30க்கும் மேற்பட்டோர் இறந்தனர். நோய்க்குக் காரணமான சரக்கு ஜப்பானிய உற்பத்தியாளர் ஒருவரிடமிருந்து வந்தது. அங்கே நொதிக்கும் பாக்டீரிய வகை மாற்றப்பட்டிருந்தது. வடிகட்டும் கரித்தூளும் குறைக்கப்பட்டிருந்தது. பொருள் டிரிப்டோஃபான்தான், ஆனால் அதில் மாசு கலந்திருந்தது.

2.2 அடையாளம் தவறியது: 1997இல் 'பிளான்டேன்' என்னும் மூலிகைப் பொடி கலந்த துணையுணவை உண்டவர்களுக்கு இதயத் துடிப்பு தாறுமாறானது. பிளான்டேன், நாம் அறிந்த இசப்கோலின் இனச்செடி. அந்தச் சரக்கிலோ இதயத்தைத் தாக்கும் டிஜிட்டாலிஸ் இலை கலந்திருந்தது. பொடியான பிறகு இரண்டையும் கண்ணால் பிரித்தறிய முடியாது.

3. விதி கோருவது என்ன?

2007இல் வெளியான, துணையுணவுகளுக்கான எஃப்.டி.ஏ.வின் 111ஆம் பகுதி உற்பத்தி விதிகள் 2010க்குள் சிறு நிறுவனங்கள் வரை படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. ஒவ்வொரு துணையுணவு மூலப்பொருளின் அடையாளத்தையும் உற்பத்தியாளர் தாமே சோதித்து உறுதிசெய்ய வேண்டும். சப்ளையர் தரும் பகுப்பாய்வுச் சான்றிதழ் இதற்குச் செல்லாது. சப்ளையரின் நம்பகத்தன்மையைச் சரிபார்த்திருந்தால், பிற தர அளவுகளுக்கு மட்டும் சான்றிதழை ஏற்கலாம். ஒவ்வொரு பேட்சுக்கும் தனிப் பதிவேடு வேண்டும். தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு ஒப்புதல் தராமல் சரக்கு வெளியேறக் கூடாது.

4. எந்தச் சோதனை?

சோதனை அறிவியல்முறைப்படி பொருத்தமாக இருக்க வேண்டும் என்பதோடு விதி நின்றுவிடுகிறது. முறையைத் தேர்வது நிறுவனத்தின் வேலை. தேர்வைத் தீர்மானிப்பது சரக்கின் நிலை:

அ) முழு இலை, வேர்: தாவரவியல் தேர்ச்சியுள்ளவர் கண்ணாலேயே இனம் காணலாம்.
ஆ) பொடி: நுண்ணோக்கியில் செல் அமைப்பு தெரியும்.
இ) சாறு: வேதிக் கூறுகளைப் பிரித்துக் காட்டும் குரோமட்டோகிராஃபி தேவை.

2015இல் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் டி.என்.ஏ. சோதனையை வைத்து, அறிவித்த மூலிகை பல பொருள்களில் இல்லை என்று நான்கு பெரும் சில்லறை நிறுவனங்கள்மீது நடவடிக்கை எடுத்தது. காய்ச்சி வடித்த சாற்றில் டி.என்.ஏ. சிதைந்திருக்கலாம் என்று வல்லுநர்கள் மறுத்தனர். பொருந்தாத சோதனை, கலப்படம் செய்தவரையும் செய்யாதவரையும் ஒரே தட்டில் நிறுத்திவிடும்.

5. முடிவு

2.1இல் கண்டதுபோல், அடையாளம் சரியாக இருப்பது மட்டும் போதாது. தூய்மைச் சோதனையும் உடன் வேண்டும். ஆனால் அடையாளமே தவறிவிட்டால், அதற்குப் பின் எடுக்கும் அளவுகள் அனைத்தும் வேறொரு பொருளின் அளவுகளாகிவிடும். வேறு ஆலையில் தயாரித்துத் தம் பெயரில் விற்பவர்களையும் எஃப்.டி.ஏ. பொறுப்பிலிருந்து விடுவிப்பதில்லை. ஆகவே ஆலையிடம் அவர்கள் முதலில் கேட்க வேண்டியவை இரண்டு: இந்த பேட்சுக்கு எந்த அடையாளச் சோதனை செய்யப்பட்டது, அது ஏன் இச்சரக்குக்குப் பொருந்தும்?