இரட்டை விதை

குருவிகுளத்துக் கரிசலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மழையில் காலைப் பிடித்துக்கொள்ளும். வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். பருத்திக்கென்றே வாய்த்த மண் அது. பருத்தி விதையை அள்ளிப் பார்த்தால் எப்போதாவது இரண்டு விதைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். பிரித்தால், நடுவே ஓர் இளஞ்சிவப்புப் புழு உறங்கும். அதன் உறக்கத்தில் ஓர் உலக சரித்திரமே இருக்கிறது!

தாய்ப்பூச்சி நெல்மணி அளவு அந்துப்பூச்சிதான். பகலில் மண்வெடிப்பிலும் சருகிலும் ஒளிந்திருந்து, இரவில் பறந்து, மொட்டிலும் காயிலும் முட்டையிடும். நாலைந்து நாளில் பொரிக்கும் புழு காய்க்குள் நுழைந்ததும், நுழைந்த துளை மூடிக்கொள்ளும். வெளியே பச்சைக்காய், உள்ளே நாசம். பருவம் முடியும்போது பிறக்கும் புழுக்கள் உடனே கூட்டுப்புழு ஆவதில்லை. விதைக்குள் மாதக்கணக்கில் உறங்கி, அடுத்த பயிருக்காகக் காத்திருக்கும்.

1843-இல் சாண்டர்ஸ் என்ற ஆங்கிலேயர், குஜராத்தின் புரோச் பகுதியிலிருந்து வந்த பூச்சிகளைக் கொண்டு இதற்குப் பெயர் சூட்டினார். பிறகு விதையோடு விதையாக, டிக்கெட் இல்லாமலே கப்பலேறி, இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் எகிப்தை அடைந்தது. எகிப்திய விதையோடு 1911-இல் மெக்ஸிகோ, 1917-இல் டெக்ஸாஸ்.

குருவிகுளத்துக்கு அருகே கோவில்பட்டியில் 1901-லேயே விவசாய ஆராய்ச்சிப் பண்ணை ஏற்பட்டது. 1919-இல் சென்னை மாகாணம் பயிர்ப் பூச்சி, நோய்களுக்கென ஒரு சட்டமே இயற்றியது. கம்போடியாப் பருத்தி விளைந்த இடங்களில், குறித்த நாளுக்குள் செடியைப் பிடுங்கிவிட வேண்டும் என்று அதன்கீழ் உத்தரவு வந்தது. இரை இல்லாத இடைவெளியில் பூச்சி அழியும் என்பது கணக்கு.

கணக்கு சரிதான். ஆனால் கடைசிக் காய்கள் நாலு காசு தருமே! பருத்திமாரும் அடுப்புக்கு வேண்டுமே! ஏழைச் சம்சாரி தயங்கியதைக் குற்றம் என்று எப்படிச் சொல்வது? எனினும் ஒருவர் விட்டுவைத்த செடி ஊருக்கெல்லாம் புழுவைப் பங்கிட்டது.

2002-இல் இந்தியாவுக்கு பி.டி. விதை வந்தது. அதைத் தின்றும் சாகாத புழுக்கள் குஜராத்தில் இருப்பது 2010-லேயே வெளிப்பட்டது. அமெரிக்காவிலோ அதே விதையோடு, மலட்டுப் பூச்சிகளைப் பறக்கவிட்டு, செடிகளையும் காலத்தில் அழித்து, 2018-இல் புழுவை ஒழித்துவிட்டதாக அறிவித்தார்கள்.

விதை இங்கேயும் வந்தது. எல்லோரும் சேர்ந்து ஒரே நாளில் செடியைப் பிடுங்கும் மனந்தான் விதையோடு கப்பலேறி வரவில்லை. அதை நாம்தான் விளைவிக்க வேண்டும்.