பூணூலும் வழுவா வரமும்

திருச்சபை வழுவா வரம் பெற்றது என்னும் கத்தோலிக்கப் போதனையைப் பேசுவோர் பெரும்பாலும் உரோமையிலிருந்தே தொடங்குகின்றனர். அப்போதனையின் எல்லை எது என்பதை மதுரையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் காணலாம். ஆவணங்கள் 'மலபார்ச் சடங்குகள்' எனக் குறிப்பிடும் சிக்கல் தமிழ் மண்ணில் எழுந்ததே. அக்கால ஐரோப்பியர் தமிழரையும் 'மலபார்' மக்கள் என்றே அழைத்தனர்.

1606இல் மதுரை வந்த இத்தாலியச் சேசு சபைத் துறவி இராபர்ட் தெ நொபிலி காவி உடுத்துச் சந்நியாசியாக வாழ்ந்தார். பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியவை குல வழக்கங்களே அன்றி வழிபாட்டுச் சின்னங்கள் அல்ல என்பது அவருடைய வாதம். அவருக்கு முன்பே மதுரையில் பணியாற்றிவந்த கொன்சாலோ பெர்னாண்டஸ் இதை எதிர்த்தார். 1619இல் கோவாவில் கூடிய அவையிலும் கருத்து பிளவுபட்டது. 1623 ஜனவரி 31 அன்று திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி, மூடநம்பிக்கை கலவாதவரை இவ்வழக்கங்கள் தொடரலாம் என்று, மறு முடிவு வரும்வரை இசைவளித்தார். உயர்குலத்தார் எளியோரை ஆலயத்தில் இழிவாக நடத்தலாகாது என்றும் அதே ஆணை வேண்டிக்கொண்டது.

1704இல் புதுச்சேரியில், திருத்தந்தையின் தூதர் தூர்னோன் பதினாறு கூறுகள் கொண்ட ஆணையைப் பிறப்பித்தார். திருமுழுக்கில் உமிழ்நீர் பூசும் சடங்கை விடலாகாது. பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது. குழந்தை மணம் கூடாது. நோயுற்ற பறையரின் இல்லத்திற்கே சென்று அருளடையாளங்களை வழங்க வேண்டும். அவ்வாறு சென்றால் உயர்சாதியினர் சபையை விட்டு விலகிவிடுவர் எனச் சேசு சபையினர் முறையிட்டனர். வழக்கு நாற்பது ஆண்டு நீண்டது. 1744 செப்டம்பர் 12 அன்று பதினான்காம் பெனடிக்ட் ஆணையை உறுதிப்படுத்தி, அதைக் கடைப்பிடிப்பதாக மறைப்பணியாளர் சத்தியம் செய்வதையும் கட்டாயமாக்கினார். பறையருக்கெனத் தனி மறைப்பணியாளரை அமர்த்தலாம் என்ற சலுகைக்கும் அவர் இடமளித்தார். அந்தச் சத்தியம் 1940இல் கைவிடப்பட்டது.

1623இல் இளக்கம், 1744இல் இறுக்கம், 1940இல் மீண்டும் இளக்கம். அப்படியானால் வழுவாமை எங்கே?

இதற்கான விடை 1870 ஜூலை 18 அன்று முதலாம் வத்திக்கான் சங்கம் அளித்த வரையறையில் உள்ளது. கிறிஸ்தவர் அனைவருக்கும் ஆசிரியர் என்ற நிலையில், விசுவாசம் அல்லது ஒழுக்கம் பற்றிய ஒரு போதனையை முழுத் திருச்சபையும் ஏற்க வேண்டியதாகத் திருத்தந்தை வரையறுக்கும்போதே அவ்வரம் செயற்படுகிறது. 1870க்குப் பின் இம்முறையில் வரையறுக்கப்பட்டது, 1950இல் அறிவிக்கப்பட்ட மரியாவின் விண்ணேற்பு ஒன்றே. சடங்குகள் குறித்த ஆணைகள் ஒழுங்குமுறை சார்ந்தவை. அவை கீழ்ப்படிதலைக் கோரும், ஆனால் மாறக்கூடியவை.

இறையியல் நோக்கில் இவ்விடை பொருந்துகிறது. எனினும் வரலாற்றின் கேள்வி எஞ்சுகிறது. எது மாறாத போதனை, எது மாறக்கூடிய ஒழுங்கு என்ற பாகுபாடு, பறையர் தெருவில் நோயுற்றுக் கிடந்தவருக்கு ஆறுதல் அளித்திராது. திருமுழுக்குப் பெற்றோர் அனைவரும் கிறிஸ்துவில் ஒன்று என்பது எவரும் ஐயுறாத போதனை. அதற்குப் புதிய வரையறை எதுவும் தேவைப்படவில்லை. தயக்கமின்றி நடைமுறைக்கு வந்திருக்க வேண்டிய அந்த உண்மையே சலுகைக்கும் சமரசத்திற்கும் உரிய பொருளாயிற்று. உமிழ்நீர்ச் சடங்கோ உரோமை வரை வழக்காடப்பட்டது.

2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை புதுதில்லியில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, தீண்டாமையைக் கடும் சமூகப் பாவம் என்று அறிவித்தது. 1744இன் சலுகைக்கும் இதற்கும் இடைவெளி 272 ஆண்டுகள். வழுவா வரம் போதனையைப் பற்றியது. திருச்சபையினர் பாவமற்றவர் என்று அது ஒருபோதும் கூறியதில்லை. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறியாதவர் திருச்சபையைப் பழித்தாலும் புகழ்ந்தாலும், அது இல்லாத ஒன்றன் மீது எழுப்பிய வழக்காகவே முடியும்.