செயல்வழிக் கற்றல்
செயல்வழிக் கற்றல் என்பது தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 1 முதல் 4 வரையுள்ள வகுப்புகளுக்கு நடைமுறைப்படுத்தப்பட்ட, குழந்தை தன் வேகத்தில் அட்டைகளைக் கொண்டு கற்கும் கற்பித்தல் முறை. ஆந்திரத்தின் ரிஷிவேலி கிராமப் பள்ளிகளில் உருவான பல்வகுப்புக் கற்பித்தலே இதன் முன்மாதிரி. மரியா மாண்டிசோரியின் கருத்துகளும் இதில் கலந்துள்ளன.

பாடப்பொருள் சிறு படிநிலைகளாகப் பிரிக்கப்பட்டு, 'கற்றல் ஏணி' எனும் சுவர் வரைபடத்தில் காட்டப்படும். ஒவ்வொரு படிக்கும் படக்குறியிட்ட அட்டை உண்டு. குழந்தை ஏணியில் தன் இடத்தைக் கண்டு, உரிய அட்டையை எடுத்து, அதற்கான குழுவில் தரையில் அமரும். சில குழுக்களுக்கு ஆசிரியரும் சிலவற்றுக்குச் சக மாணவரும் உதவுவர். மதிப்பீடும் ஏணியிலேயே ஒரு படி என்பதால் தனித் தேர்வு கிடையாது. விடுப்பெடுத்த குழந்தை விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இம்முறையின் பெரும் பயன் இதுவே எனலாம். குழந்தைக்கு எட்டும் கீழ்மட்டக் கரும்பலகையும், படைப்புகளைத் தொங்கவிடும் கம்பிப் பந்தலும் வகுப்பறையின் அடையாளங்கள்.

எம். பி. விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது 2003-இல் அம்மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கிய இம்முறை, 2007–08-இல் மாநிலம் முழுதும் பரவியது. அட்டைகளின் பராமரிப்பும், ஒரே ஆசிரியர் பல குழுக்களைக் கவனிப்பதும் நடைமுறைச் சிக்கல்களாயின. தமிழ்நாட்டுத் தொடக்க வகுப்புகளுக்காக 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் எனும் நிலைகளிலும் கற்றல்நிலை சார்ந்த குழு அமைப்பு இடம்பெறுகிறது.