ஒரே கிடங்கு, வேற வேற இண்டென்ட்: ஆர்என்ஏவை எண்ணக் கத்துக்கிட்ட கதை

உங்க கண்ணுக்கும் கல்லீரலுக்கும் டிஎன்ஏ ஒண்ணுதான். அப்புறம் எப்படி ஒண்ணு பார்க்குது, இன்னொண்ணு பித்தம் சுரக்குது?

ஒரு ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்கை நினைச்சுக்கோங்க. எல்லா வார்டுக்கும் கிடங்கு ஒண்ணுதான். ஆனா பிரசவ வார்டு அனுப்புற இண்டென்ட் வேற, எலும்பு வார்டு அனுப்புறது வேற. சீட்டைப் பார்த்தே எந்த வார்டுன்னு சொல்லிடலாம். டிஎன்ஏதான் கிடங்கு, ஆர்என்ஏ அந்தச் சீட்டு. ஒரு செல்லில் இருக்கும் மொத்தச் சீட்டுகளும் சேர்ந்ததுதான் டிரான்ஸ்கிரிப்டோம்.

1977-ல் ஸ்டான்ஃபோர்டில் நார்தர்ன் பிளாட் வந்தது. ஒரு தடவைக்கு ஒரு மரபணுவைத் தேடலாம், அவ்வளவுதான். (பேருக்கும் திசைக்கும் சம்பந்தமில்லை. எட்வின் சதர்ன் டிஎன்ஏவுக்குக் கண்டுபிடிச்சது சதர்ன் பிளாட். அதை வெச்சு விளையாட்டா வெச்ச பேர்.)

அடுத்தது 1995 அக்டோபர். 'சயின்ஸ்' பத்திரிகையில், ஒரே இதழில், சில பக்க இடைவெளியில் ரெண்டு கட்டுரைகள்.

ஒண்ணு மைக்ரோஅரே, ஸ்டான்ஃபோர்டிலிருந்து. தெரிஞ்ச மரபணுக்களைக் கண்ணாடித் தகட்டில் புள்ளி புள்ளியா வெச்சு, எந்தப் புள்ளி ஒளிருதுன்னு பார்த்தாங்க. முதலில் அரபிடாப்சிஸ்ங்கிற சின்னச் செடியின் 45 மரபணுக்கள். இது அச்சடிச்ச படிவம் மாதிரி. படிவத்தில் இல்லாத மருந்தை வார்டு கேட்டிருந்தா, உங்களுக்குத் தெரியவே தெரியாது.

இன்னொண்ணு சேஜ், ஜான்ஸ் ஹாப்கின்ஸிலிருந்து. ஒவ்வொரு சீட்டிலிருந்தும் 9 எழுத்து மட்டும் கிழிச்சு, துண்டுகளை வரிசையா ஒட்டி, படிச்சு எண்ணினாங்க. 9 எழுத்து போதுமா? நாலு எழுத்தை 9 இடத்தில் மாத்தி மாத்தி வெச்சா 2,62,144 சேர்க்கை வரும். நம்மகிட்ட புரதம் செய்யுற மரபணு சுமார் 20,000தான். கணையத்தை எடுத்து 1000 துண்டு எண்ணினதும், செரிமான நொதிகளின் சீட்டு முன்னாடி வந்து நின்னுச்சு. என்னைக் கேட்டா, அந்த இதழில் பெரிய யோசனை இதுதான். எதைத் தேடுறோம்னு முன்கூட்டியே முடிவு பண்ணத் தேவையில்லை.

ஆனா அப்போ எழுத்தெழுத்தாப் படிக்க செலவு ஜாஸ்தி. பத்து வருஷத்துக்கு மேல மைக்ரோஅரே ராஜ்ஜியம்தான். அதுக்குள்ள ஒரே ஓட்டத்தில் லட்சக்கணக்கான துண்டுகளைப் படிக்கும் மெஷின்கள் வந்தாச்சு. 2008-ல் யேலில் ஈஸ்ட்டிலும், கால்டெக்கில் எலியிலும் மொத்த ஆர்என்ஏவையும் படிச்சுக் காட்டினாங்க. ஆர்என்ஏ-சீக்.

இதனால நோயாளிக்கு என்ன லாபம்னு கேட்பீங்க. 2017-க்கு வாங்க.

தசை பலவீனத்தோட, டிஎன்ஏ சோதனையிலும் காரணம் தெரியாத 50 பேர். பிராட் இன்ஸ்டிட்யூட்டின் டேனியல் மெக்ஆர்தர் குழு அவங்க தசையின் ஆர்என்ஏவைப் படிச்சது. மூணுல ஒருத்தருக்கு மேல விடை கிடைச்சது. சிலருக்கு கொலாஜன் மரபணு ஒண்ணில், வழக்கமா வெட்டி எறியப்படுற பகுதிக்குள்ள, ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தது. அதனால சீட்டின் நடுவில் சம்பந்தமில்லாத வரி நுழைஞ்சிருந்தது. டிஎன்ஏவில் அந்த மூலையை யாரும் பெருசா கண்டுக்கிறதில்லை. சீட்டில் பளிச்சுன்னு தெரிஞ்சது. அப்புறம் இதே நோய்ச் சாயலோட விடை தெரியாம இருந்த வேற நோயாளிகளில் தேடினப்போ, 27 பேருக்கு அதே மாற்றம்!

அது குழந்தையிடம் புதுசா உண்டான மாற்றம். "என் பக்கத்திலிருந்து வந்துச்சா, அவர் பக்கத்திலிருந்தா?"ன்னு கேட்கிற அம்மாக்கு, ரெண்டு பக்கமும் இல்லைம்மான்னு பதில் சொல்ல முடியும்.

ஒரு விஷயம். ரத்தம் எடுத்தா இதுக்குப் பத்தாது. தசை வார்டின் பல சீட்டுகள் ரத்தத்தில் இருக்காது. தசைத் துண்டே வேணும், அதுவும் ஃபார்மலினில் போடாம உறைய வெச்சது.