தடையாணையை மீறிய ஒரு பெரிய வெள்ளி



மார்ட்டின் லூதர் கிங் 1963-இல் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். எதற்காக உள்ளே போனார் என்று கேட்டால் "ஊர்வலம் போனதற்கு" என்பீர்கள். அது பாதிதான். நீதிமன்றம் போட்ட இன்ஜங்ஷனைத் தெரிந்தே மீறியது மறுபாதி. அந்த மறுபாதி வழக்கு அவரை நாலு வருஷம் துரத்தியது.

அலபாமா மாநிலத்து பர்மிங்ஹாமில் அப்போது கறுப்பின மக்களின் காசு கடையில் செல்லும். அதே கடையில் உட்கார்ந்து சாப்பிட முடியாது. எதிர்த்து ஊர்வலம் போக நகராட்சி அனுமதி வேண்டும். கேட்கப் போன இயக்கத்துப் பெண்மணியிடம், உங்களை ஜெயிலுக்குத்தான் அனுப்புவேன் என்றார் காவல் துறையைக் கையில் வைத்திருந்த கமிஷனர் 'புல்' கானர். ஏப்ரல் 10 இரவு நகராட்சி, மாநில நீதிபதி ஜென்கின்ஸிடம் எக்ஸ்பார்ட்டியாக, அதாவது எதிர்த்தரப்பைக் கேட்காமலே, தடையாணை வாங்கியது. நள்ளிரவு தாண்டி காஸ்டன் மோட்டலில் அதைக் கிங் கையில் கொடுத்தார்கள்.

முந்தைய வருஷம் ஜார்ஜியாவின் ஆல்பனி நகரில் மத்திய நீதிமன்றம் இப்படி ஒரு ஆணை போட்டபோது கிங் கட்டுப்பட்டார். சில நாளில் மேல் நீதிபதி அதை நீக்கினார். ஆனால் போராட்டத்தின் வேகம் போயிருந்தது. அந்த அனுபவம் அவர் மனதில் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை அறையில் பெரிய வாக்குவாதம். ஜாமீன் பணம் தீர்ந்துவிட்டது. கிங்கும் உள்ளே போய்விட்டால், ஏற்கெனவே சிறையில் இருப்பவர்களுக்குப் பணம் திரட்ட யார் இருக்கிறார்கள்? கிங் பக்கத்து அறைக்குப் போனார். திரும்பி வந்தபோது கோட்டு சூட்டு இல்லை. கூலித் தொழிலாளி போடும் முரட்டுத் துணி. எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அன்று மதியம் கிங், அபர்நாதி, ஷட்டில்ஸ்வொர்த் என்ற மூன்று பாதிரியார்கள் முன்னே நடக்க, 52 பேர் தேவாலயத்திலிருந்து கிளம்பினார்கள்.

நீதிமன்ற அவமதிப்புக்கு 5 நாள் சிறை, 50 டாலர் அபராதம். அப்பீல் உச்ச நீதிமன்றம் வரை போய், 1967 ஜூனில் 5-க்கு 4 என்று தோற்றது. அனுமதி விதியில் கோளாறு இருக்கலாம், ஆனால் ஆணையை நீக்கச் சொல்லி முதலில் கோர்ட்டுக்கு வந்திருக்க வேண்டும், தன் வழக்கில் தானே நீதிபதி ஆகக்கூடாது என்றது பெரும்பான்மை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வியாழன் விடியுமுன் ஆணை கையில் வந்தால் வெள்ளிக்குள் என்ன செய்ய முடியும்? அந்த ஊர்வலத்துக்குப் பொருளே பெரிய வெள்ளி, ஈஸ்டர் என்ற நாட்களில்தான் இருந்தது. நான் மாறுபட்ட அந்த நாலு நீதிபதிகள் பக்கம்.

அவமதிப்புச் சட்டம் எல்லோரையும் ஒரே மாதிரி பிடித்திருந்தால்கூடப் பேசாமல் இருந்திருப்பேன். கிங்குக்கு ஆறேழு மாதம் முன்னால், 1962 செப்டம்பரில், மிசிசிப்பி கவர்னர் ராஸ் பார்னெட், ஜேம்ஸ் மெரிடித் என்ற கறுப்பின மாணவரைப் பல்கலைக்கழகத்தில் சேர விடாமல் மத்திய நீதிமன்ற ஆணையை மீறினார். குற்றவாளி என்று தீர்ப்பானது. பணியாவிட்டால் நாளொன்றுக்கு 10,000 டாலர் அபராதம் என்றார்கள். அவர் ஒரு காசு கட்டவில்லை, ஒரு நாள் சிறையில் இருக்கவில்லை. 1965-இல் வழக்கே முடித்துவைக்கப்பட்டது.

கிங் 1967 அக்டோபர் கடைசியில், நோபல் பரிசு வாங்கி மூன்று வருஷம் ஆன பிறகு, அந்தத் தண்டனைக்காக அலபாமா சிறைக்குப் போனார். 1968 ஏப்ரலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அனுமதியில்லாமல் ஊர்வலம் போன குற்றத்துக்கு ஷட்டில்ஸ்வொர்த் மீது தனியாக ஒரு வழக்கு இருந்தது. அதே நகரம், அதே விதி, அதே பெரிய வெள்ளி ஊர்வலம். 1969 மார்ச்சில் அதே உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது: அந்த அனுமதி விதி அரசியல் சட்டத்துக்குப் புறம்பானதாம்.

நம் பிள்ளைகளில் வக்கீல்களாக இருப்பவர்கள், 1967 தீர்ப்பை நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள்.