பெயர் எழுதிய கேசட்

டோக்கியோவில் வேலை பார்த்தபோது அகிஹபாராவில் பழைய ஃபேமிகாம் வீடியோ கேம் கேசட் ஒன்று வாங்கினேன். பின்பக்கம் யாரோ ஒரு சிறுவன் மார்க்கரால் தன் பெயரை எழுதியிருந்தான். பாதி அழிந்த எழுத்து. உரிமைக்கு அதைவிடப் பத்திரம் வேண்டுமா?

1990களின் இறுதியில் ஜப்பானில் கேம் நிறுவனங்களுக்கும் பழைய கேம் விற்கும் கடைகளுக்கும் வழக்கு மூண்டது. வீடியோ கேமும் சினிமாதான், அதனால் சினிமாவுக்குள்ள விநியோக உரிமை எங்களுக்கே என்றன நிறுவனங்கள். 1999இல் டோக்கியோ நீதிமன்றம் கடைகள் பக்கம் நின்றது. ஒசாகா நீதிமன்றம் நிறுவனங்கள் பக்கம். 2002 ஏப்ரல் 25 அன்று உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது: சினிமாவேதான், ஆனால் ஒருமுறை முறையாக விற்ற பிரதியின் மீது அந்த உரிமை தீர்ந்துவிடுகிறது. படித்தபோது மனம் நிறைந்தது.

என் மகனோ கேம்களை டவுன்லோடு செய்து விளையாடுகிறான். அலுத்துப்போனால் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுக்கக்கூட வழியில்லை. எனக்கு வயிறு எரிகிறது.