வாரத்துக்கு ஒரு பவுண்ட்: லாம்பெத் அம்மாக்களின் கணக்கு நோட்டு

போன மாசம் எங்க வீட்டுச் செலவை எக்செல்லில் போட்டேன். 'அவசியம்', 'தேவையில்லை'ன்னு இரண்டு காலம். அம்மா மாசாமாசம் கட்டுற சீட்டுப் பணத்தை இரண்டாவது காலத்தில் தள்ளிட்டேன். அப்புறம்தான் ஒரு பழைய புத்தகம் கையில் கிடைச்சது. இன்னைக்கு அந்தக் கதைதான்.

வருஷம் 1909. லண்டனில், தேம்ஸ் நதிக்குத் தெற்கே லாம்பெத். ஃபேபியன் பெண்கள் குழுவைச் சேர்ந்தவர்கள் அங்கிருந்த தொழிலாளர் வீடுகளுக்கு வாராவாரம் போய், அம்மாக்களிடம் வரவு செலவை எழுதச் சொல்லி வாங்கினார்கள். எழுதத் தெரியாத சிலருக்குக் கணவரோ பிள்ளையோ எழுதிக் கொடுத்தாங்க. அந்தக் கணக்குகளை வைத்து மாட் பெம்பர் ரீவ்ஸ் 1913-ல் ஒரு புத்தகம் போட்டார். பெயர் 'ரவுண்ட் அபவுட் எ பவுண்ட் எ வீக்'.

அப்போ ஒரு பவுண்ட்னா 20 ஷில்லிங். ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்னி. இவங்க பரம ஏழைகள் இல்லை; கணவருக்கு நிலையான வேலை இருந்த குடும்பங்கள்.

பணம் எந்த வரிசையில் போச்சுன்னு பாருங்க. முதலில் வாடகை. அது தவறினால் தெருவில்தான் நிற்கணும். அடுத்து ஈமச்சடங்கு இன்ஷூரன்ஸ், நிலக்கரி, கேஸ், சோப்பு. சாப்பாடு கடைசியில். காரணம், குறைக்க முடிஞ்ச ஒரே செலவு அதுதான். அதிலும் நல்ல பங்கு கணவருக்கு. அவர் படுத்துட்டா வருமானமே நின்னுடும். அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் ரொட்டிதான்.

வெளியே இருந்து பார்த்தவங்க கேட்டாங்க: 'பிள்ளைக்குப் பால் வாங்காம, சாவுக்கு எதுக்கு இன்ஷூரன்ஸ்?' ஆனா அந்தத் தெருக்களில் குழந்தைச் சாவு அபூர்வம் இல்லை. இன்ஷூரன்ஸ் இல்லாத வீட்டில் ஒரு குழந்தை இறந்தால், கடன் வாங்கித்தான் அடக்கம் பண்ணணும். அந்தக் கடன் அடையும் வரை மிச்சமிருக்கிற பிள்ளைகளின் தட்டில்தான் கை வைக்கணும். கடனும் கிடைக்கலைன்னா அநாதைப் பிணம் மாதிரி அரசுச் செலவில் அடக்கம். அந்த அவமானத்துக்குப் பயந்துதான் ஒரு பிள்ளைக்கு வாரம் ஒரு பென்னி.

'ஓட்ஸ் கஞ்சி காய்ச்சுங்க, மலிவு, சத்து'ன்னும் அறிவுரை வந்தது. கஞ்சி ரொம்ப நேரம் வேகணும். கேஸ் மீட்டரோ காசு போட்டால்தான் எரியும். இருக்கிற பழைய பாத்திரத்தில் அடிப்பிடிக்கும். ஊத்திக்கப் பாலும் இல்லை. நிலக்கரியை மொத்தமா வாங்கினா லாபம்தான். ஆனா மொத்தமாக் கொடுக்கப் பணமும் இல்லை, கொட்டி வைக்க இடமும் இல்லை.

இந்த அம்மாக்களுக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. ஒவ்வொரு பென்னிக்கும் காரணம் இருந்தது. பத்தாமல் போனது ஷில்லிங்தான். அதனால்தான் ரீவ்ஸ், பிள்ளைகளைக் காப்பாற்றும் பொறுப்பில் அரசுக்கும் பங்கு வேணும்னு வாதாடினார். பின்னாளில் எலினார் ராத்போன் போன்றவர்கள் பல வருஷம் போராடி, 1945-ல் குடும்ப உதவித்தொகைச் சட்டம் வந்தது. 1946 ஆகஸ்டிலிருந்து, முதல் பிள்ளைக்கு அடுத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரம் 5 ஷில்லிங். அதுவும் அம்மா கையில்.

புத்தகத்தை முடிச்சதும் அம்மாகிட்ட சீட்டு எதுக்குன்னு கேட்டேன். 'உன் காலேஜ் ஃபீஸ் எங்கிருந்து வந்துச்சுன்னு நெனச்ச?'ன்னாங்க. எக்செல்லில் அந்த வரியை முதல் காலத்துக்கு மாத்திட்டேன்.

அடுத்த எபிசோடில் பார்ப்போம்.